கண்ணால் சொன்ன பதில்

பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடித்தால் இஷாக்குக்குக் கேட்காது. எதிரே நின்று யாராவது முணுமுணுத்தால் மட்டும் டக்கென்று பதில் சொல்லிவிடுவார். அவருக்கு வந்த கேடே அதுதான்.

பதினேழு வருஷம் பீரங்கிப் படையில் இருந்தவர். சொந்த ஊரான பேகம்பூரில் எல்லாருக்கும் 'மிலிட்டரி பாய்'. பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமானதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். ஓய்வு பெறும்போது மருத்துவக் குழுவின் டாக்டர் எதிரே உட்கார்ந்து பெயர், ஊர், பிள்ளைகள் என்று கேட்டார். இஷாக் விறைப்பாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். காது குறைபாடு பதினைந்து சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். இருபது இருந்தால்தான் ஊனத்துக்கான ஓய்வூதியம்.

"பரீட்சைக்குப் போனது மாதிரி ஒண்ணு விடாம சொல்லிட்டு வந்திருக்கீங்க," என்று மனைவி மெஹராஜ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆபீசர் கேக்கும்போது வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

ஊருக்கு வந்து ஒரு நூல் மில்லில் காவலாளியாகச் சேர்ந்தார். பின்னால் வந்த லாரியின் ஹாரன் காதில் விழாமல் நடுவழியில் நின்றார். டிரைவர் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது, வேலை தப்பவில்லை.

படையில் கிளார்க்காக இருந்த ஆண்டனிராஜ்தான் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். "ஏலே பாய், நீ காதால கேக்கல, கண்ணால கேட்டிருக்க. முதுகுப் பக்கம் நின்னுல்ல சோதிச்சிருக்கணும்? அதையே எழுதுறேன்."

மறுசோதனைக்குக் கூப்பிடவே இரண்டு வருஷம் ஆனது. தூரத்து ஊரிலிருந்த ராணுவ மருத்துவமனையில் இஷாக் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, "சார், பின்னால நின்னு கேளுங்க," என்றார். சுவரில் விரிசல் ஒன்று ஓடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னும் தொடங்கவில்லை போல என்று நினைத்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினார்.

"நாலு தடவை கூப்பிட்டேன்," என்றது டாக்டரின் உதடு.

ஒரு சோதனையில் தோற்று இஷாக் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். மெஹராஜுக்கு உடனே போன் செய்தார். அவள் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தார்.

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஆண்டனிராஜ் வாங்கிப் படித்தார்.

"முப்பது சதவீதம் குடுத்துட்டாங்க பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்!"

"செத்த பொறு. இது உன் உடல்வாகுல வந்த கொறையாம். பட்டாளத்து வேலையால வந்தது இல்லையாம். அதனால பென்ஷன் கிடையாது."

இஷாக் அவர் உதட்டை இன்னொரு முறை பார்த்தார். தப்பாகப் பிடித்துவிட்டோமோ என்று கடிதத்தை வாங்கித் தானே படித்தார். அப்படித்தான் இருந்தது.

"அப்ப பதினேழு வருஷம் நான் வெடிச்சது என்ன, ஊசிப்பட்டாசா?" குரல் தெருவரை போனது. எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது.

மெஹராஜ் அவர் முன்னால் வந்து நின்றாள். "நீங்க சேரும்போது காதைச் சோதிச்சாங்கல்ல? நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இல்லாட்டி எடுப்பானா?"

"அப்ப அதை எழுதி வச்சிருப்பாங்கல்ல?"

ஆண்டனிராஜ் நிமிர்ந்தார். "வச்சிருப்பாங்க தங்கச்சி. அந்தத் தாளு ஆவணக் காப்பகத்துல இருக்கும். நகல் கேட்டு மனு போடணும். வர மாசக்கணக்கா ஆகும். அதை வச்சுத்தான் அடுத்த அப்பீல்."

இஷாக்குக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது. அடுத்த அப்பீலுக்கு அதுவும் வேண்டும். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க," என்றார்.