உறை ஒட்டிய பிறகு

அந்தப் பள்ளியில் அவரைப் பூகோள டீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பதற்றம் அவருக்குக் கூடப்பிறந்தது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பஸ் ஏறிய பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று கணவருக்குப் போன் போடுவார். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளரான கணவர், "கவலைப்பட ஒண்ணும் கிடைக்கலேன்னா அதுக்கும் கவலைப்படுவே" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கினார். கடல் தாண்டி இருக்கும் ஒரு நாட்டுப் பள்ளியோடு கடிதப் போக்குவரத்து. இங்கே ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள், அங்கேயும் முப்பத்திரண்டு. ஆளுக்கொரு தோழர் அல்லது தோழி. இரண்டு பக்கமும் தட்டுத்தடுமாறி எழுதத் தெரிந்த ஆங்கிலத்தில் கடிதங்கள். "மத்தவங்க எப்படி வாழறாங்கன்னு புஸ்தகத்துல படிக்கறது வேற, அவங்களையே கேக்கறது வேற சார்" என்று தலைமையாசிரியரிடம் வாதாடி அனுமதி வாங்கினார். "வில்லங்கம் ஏதும் வந்தா என்கிட்ட வராதீங்க" என்றபடியேதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

எழுதிய கடிதங்களை டீச்சர் படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத் தானே பிரிப்பதா? எல்லாவற்றையும் ஒரே பெரிய உறையில் போட்டுத் திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டார்.

புதன்கிழமை மதியம் ஒரு மாணவி அவர் மேசை அருகே வந்து நின்றாள். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும் என்பதால் அவளுக்கு வகுப்பு வைத்த பேர் கேள்விக்குறி.

"டீச்சர், சாப்பிடற பொருள் அனுப்பினா கெட்டுப்போகாம அங்க போய்ச் சேருமா?"

"யாருக்கு அனுப்பப்போறே?"

"என் தோழிக்கு. பசியோட இருக்காதே, எங்க வீட்டுல மிச்சம் இருக்கும், அனுப்பறேன்னு எழுதியிருக்கேன். எலும்பு தெரியற அளவுக்கு ஒல்லியா இருப்பியான்னும் கேட்டிருக்கேன்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா அப்படி எழுதினே?"

"நீங்கதானே டீச்சர் நடத்துனீங்க. பாடத்துல படம்கூட இருக்கே."

பள்ளி விட்டதும் தபால் நிலையத்துக்கு ஓடினார். கவுண்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமை சாயங்காலமே போயிடுச்சும்மா. இனி அது உங்க கையிலயும் இல்ல, எங்க கையிலயும் இல்ல."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பாடப்புத்தகத்தைப் பிரித்தார். அந்த நாட்டைப் பற்றிய பாடம் ஒன்றரைப் பக்கம். அதில் காலிக் கிண்ணத்தோடு விலா எலும்பு தெரிய ஒரு குழந்தை. படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், எடுத்த வருஷம் போட்டிருந்தது. கணக்குப் பார்த்தார். அவரே தொட்டிலில் கிடந்த காலம் அது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படத்தைக் காட்டி, பஞ்சம் என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி நடத்தியிருக்கிறார். அந்தச் சின்ன எழுத்தை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

கடல் தாண்டிய அந்தப் பள்ளியின் ஆசிரியைக்குப் போனிலேயே ஒரு வரி அனுப்பியிருக்கலாம். தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். நாமே போய் வாயைக் கொடுப்பானேன், கடிதம் வாங்கும் பெண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலே போகலாம் என்று ஒரு மனசு. "சொல்லிடு, பாரம் இறங்கும்" என்றார் கணவர். "நாளைக்குச் சொல்றேங்க" என்று நாளைக் கடத்தினார். சாப்பாடு இறங்கவில்லை. பியூன் தபால் கட்டோடு வராந்தாவில் நடந்தாலே பாடம் பாதியில் நின்றது.

நாற்பத்தோராம் நாள் உறை வந்தது. பிள்ளைகளுக்குக் காட்டாமல் ஆசிரியர் அறையில் பிரித்து எண்ணினார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார். அதே முப்பத்தொன்று. கூடவே அந்த ஆசிரியையின் குறிப்பு: "ஒரு மாணவி எழுத விரும்பவில்லை. வந்த கடிதத்தை வகுப்பில் சத்தமாகப் படித்தாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை யார் முன்னாலும் திறப்பதில்லை. நான் வற்புறுத்தவில்லை."

கேள்விக்குறி இதை எப்படித் தாங்குவாள்? டீச்சர் அறைக் கதவைச் சாத்தினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த மாணவியே எழுதியது போல, தன் கையெழுத்து தெரியாதபடி உருட்டி உருட்டி எழுதத் தொடங்கினார். அன்புள்ள தோழிக்கு, உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். எங்கள் வீடு... அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்த வீடு ஓடா, ஓலையா, மாடியா? அம்மா என்ன வேலை செய்கிறாள்? எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கம்தான். மறுபடியும் அதிலிருந்துதானே எழுதப்போகிறோம் என்று நினைத்தார். தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

வகுப்புக்குப் போய் கடிதங்களைக் கொடுத்தார். கேள்விக்குறி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். அவளை வெளியே அழைத்து நடந்ததைச் சொன்னார். அவள் அழவில்லை. காது மட்டும் சிவந்தது.

"நான் நல்லதுக்குத்தானே எழுதினேன்?"

"ஆமா. தப்பு உன்னுது இல்ல. பழைய படத்தைப் புதுசுன்னு காட்டினது நான்."

அன்றைக்கே முழு வகுப்பையும் அந்தப் படத்தின் வருஷத்தை உரக்கப் படிக்க வைத்தார். பின்பென்ச்சில் ஒருத்தி, "அப்போ மத்த பாடத்துப் படமெல்லாம் எந்த வருஷம் டீச்சர்?" என்றாள். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பிறகு தலைமையாசிரியரிடமும் போய் ஒப்புக்கொண்டார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "புகார் வந்தா?" என்றார். "வந்தா என் பேரைச் சொல்லுங்க சார்" என்றார் டீச்சர்.

பதில் எழுதாத அந்தப் பெண்ணுக்கு டீச்சரே ஒரு பக்கம் எழுதினார். உன் தோழி கேட்டது நான் சொல்லிக்கொடுத்தது, மன்னித்துவிடு, பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று. கேள்விக்குறி அதன் அடியில் ஒரே வரி சேர்த்தாள்: "நான் கேட்டது தப்பு. இப்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை."

மாதம் ஒன்று போனது. இன்னும் பாதி மாதம் போனது. புகார் வருமா, பதில் வருமா, இரண்டுமே வராதா என்று டீச்சர் முள்மேல் நின்றார். ஒருநாள் மெல்லிய உறை ஒன்று கேள்விக்குறியின் பேருக்கு வந்தது. அவள் பிரித்துப் படித்துவிட்டு, கேட்காமலே டீச்சரிடம் நீட்டினாள்.

"நான் ஒல்லி இல்லை. என் அம்மா ஓட்டலில் சமைக்கிறாள், நான் நிறையச் சாப்பிடுவேன். இன்னும் உன்மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு நாய் என்னைத் துரத்துகிறது. உங்கள் ஊரில் நாய் துரத்துமா?"

டீச்சர் இரண்டு தடவை படித்தார். கேள்விக்குறி அதற்குள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர், துரத்தினா ஓடாதே, அப்படியே நில்லுன்னு எழுதவா? இல்ல, அதெல்லாம் எனக்குத் தெரியாதான்னு கோவிச்சுக்குவாளா?"

"தெரியலையேம்மா," என்றார் டீச்சர். "நாய் வந்தா அவ என்ன செய்வான்னு அவகிட்டயே முதல்ல கேளு."