மேல்வரிசைக் குழாய்

கிராமங்களில் அரசாங்கம் போட்ட ரோடு, கட்டிக்கொடுத்த கழிப்பறை, இழுத்துவிட்ட குழாய் எல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் டிரைவர். ஆபீஸ் ஜெயநகரில். நான் இருப்பது சந்தாபுராவில். காலையில் ஆபீசுக்குப் போய் மேடத்தை ஏற்றிக்கொண்டு, வந்த ரோட்டிலேயே திரும்பி, என் வீட்டுத் தெருவைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் போவேன். மேடம் ஒரு பஸ் பிடித்து சந்தாபுரா வந்துவிட்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் தூங்கக் கிடைக்கும். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னதில்லை.

ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் பேச வரும். நான்கிலும் பேசக் கூச்சம். வண்டி ஓட்டுகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் மேடம் வடக்கே ஏதோ ஊர். சின்ன வயது. கன்னடம் பாதி புரியும், தமிழ் சுத்தமாக வராது. எல்லைப்பக்கத்து ஊர்களில் ஒரே வீட்டுக்குள் மூன்று பாஷை பேசுவார்கள். என் உருது மேடத்துக்குப் புரியும். அதனால் "பய்யா, கொஞ்சம் வாங்க" என்று, அண்ணன் முறை சொல்லி என்னைக் கூப்பிட்டுவிடுவார். நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், இவர் கேட்பதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை இவருக்கும் சொல்வேன்.

டிரைவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. போவதற்கு முந்தின நாள் பஞ்சாயத்துக்கு போன் செய்து வழி கேட்க வேண்டும். போனில் உள்ள மேப்பை நம்பினால் அது யாருடைய கேழ்வரகுக் கொல்லையிலாவது கொண்டுபோய் நிறுத்தும். பெரும்பாலும் போனை எடுப்பவர் அந்த ஊர் வாட்டர்மேன். வால்வைத் திறந்து மூடி ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர். ஆலமரம், பால் டைரி, அதற்கப்புறம் ஒரு வளைவு என்று அழகாக வழி சொல்வார். கடைசியில் மறக்காமல், "எத்தனை மணிக்கு வர்றீங்கண்ணா?" என்று கேட்பார். நானும் சொல்வேன்.

நான் சொல்ல வந்த ஊர் ஆனேக்கலைத் தாண்டி, தமிழ்நாட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஒரு பாறைச் சரிவில் கீழே ஒரு வரிசை வீடு, மேலே ஒரு வரிசை வீடு. வீட்டுக்கு வீடு புதுக் குழாய். முதல் தடவை நாங்கள் போனபோது, வாட்டர்மேன் துவைத்த சட்டையோடு ஊர் முனையிலேயே நின்றார். வீட்டுக்கு ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்கும்படி சொல்லி வைத்திருந்தார். மேல்வரிசையில் கடைசி வீட்டில் ஓர் அம்மா இருந்தார். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மேடம் குழாயைத் திறந்தார். தண்ணீர் பீறிட்டு வந்து அவர் செருப்பை நனைத்தது.

"இன்னைக்கு வருதுங்க" என்றார் அந்த அம்மா.

"என்ன சொல்றாங்க?" என்றார் மேடம்.

"இன்னைக்கு வருதாம் மேடம்."

கையிலிருந்த டேப்லெட்டில் கேள்வி, 'நேரில் பார்க்கும்போது தண்ணீர் வந்ததா?' என்றுதான் இருந்தது. மேடம் 'ஆமாம்' என்று அழுத்தினார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா ஜன்னல் பக்கம் வந்தார். வாட்டர்மேன் காதில் விழாதபடி பேசினார்.

"அண்ணா, விருந்தாளி வந்தாத்தான் அந்தக் குழாய்ல தண்ணி வரும். கீழ்வரிசைல எல்லாரும் மூடிட்டாத்தான் மேல ஏறும். இன்னைக்கு அவரு எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டாரு. மத்த நாள்ல விடியறதுக்கு முன்னாடி நான் கீழ போயி, அவங்க வாசல்ல குடத்தோட நிக்கணும். அப்புறம்தான் கம்பெனி பஸ்ஸு."

"ம்" என்றேன்.

"வரலைன்னு எழுதினா மேல்வரிசைக்குத் தனியா லைன் போட்டு மோட்டார் வைப்பாங்களாம், பஞ்சாயத்துல சொல்றாங்க. வருதுன்னு எழுதிட்டா அவ்ளோதான். இனிமே யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. உங்க நம்பர் குடுங்கண்ணா."

பெண்கள் நம்பர் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கொடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மேடத்திடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "எனக்கும் தெரியும் பய்யா. அது கேள்வியில இல்லையே" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "இந்த ஊரு மறுபடி செக் பண்ற லிஸ்ட்ல இருக்கு. அப்போ சொல்லாம போவோம்" என்றார்.

அடுத்த தடவை நான் போன் செய்யவில்லை. அதனால் வழி தப்பினேன். மேப் எங்களை ஒரு தைலமரத் தோப்புக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு நாய் மட்டும் இருந்தது. ரொம்ப தூரம் ரிவர்ஸிலேயே வந்து, விசாரித்து, ஊருக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில். எல்லா வீடும் பூட்டு. மேல்வரிசையில் கடைசி வீட்டுக் குழாயை மேடம் திறந்தார். ஒரு சொட்டு இல்லை. ஆனால் டேப்லெட் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் குழாய் பக்கத்தில் நிற்கிற மாதிரி போட்டோ எடுத்தால்தான் அடுத்த கேள்விக்குப் போகுமாம். ஆள் இல்லாவிட்டால் 'கதவு பூட்டியிருந்தது'. இன்னும் ஒரே தடவை வரலாம். அப்போதும் பூட்டியிருந்தால் பழைய பதிலே நிற்கும். பழைய பதில் 'ஆமாம்'.

கீழ்வரிசையில் ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"எல்லாம் கம்பெனிக்குப் போயிருக்குதுங்க. சொல்லிட்டு வந்திருந்தா தண்ணி விட்டிருப்பாங்களே" என்றார்.

நான் அதை மேடத்துக்குச் சொன்னேன். மேடம் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வண்டியில் ஏறி ஏசியைப் போடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா போன் செய்தார். பின்னால் கம்பெனி பஸ்ஸின் சத்தம்.

"வந்துட்டுப் போனீங்களாமே. ஒரு போன் பண்ணக் கூடாதாண்ணா?"

"பண்ணா தண்ணி வந்துடும்மா."

சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். மறுபடி என்னைக்கு?"

"வியாழக்கிழமை. நான் வழி தப்பிட்டேன்னு, ஆபீஸ்லயே பஞ்சாயத்துக்குச் சொல்லிட்டாங்க. அவரு எல்லாத்தையும் மூடி வச்சிடுவாரு."

"மூடட்டும். எத்தனை மணிக்கு வருவீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

இத்தனை வருஷமாக வாட்டர்மேன்களுக்குச் சொன்ன நேரம்தானே. சொன்னேன்.

வியாழக்கிழமை வாட்டர்மேன் அதே துவைத்த சட்டையோடு நின்றார். கீழ்வரிசை வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். நாங்கள் முதல் வீட்டைத் தாண்டியதும் உள்ளே குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது. அதற்கடுத்த வீட்டில் ஒரு அம்மா குழாய்க்கு அடியிலேயே உட்கார்ந்து போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் டியூபைப் போட்டு மாட்டைக் குளிப்பாட்டினார்கள். வாட்டர்மேன் வாசல் வாசலாக ஓடினார்.

"யம்மா, மூடுங்கம்மா. காலையிலயே சொல்லிட்டுத்தான போனேன். ஆபீசருங்க வந்திருக்காங்க."

"வந்தா வரட்டும். அவங்க போர்வையா துவைச்சுக் குடுப்பாங்க?"

"ஒரு பத்து நிமிசம் மூடுங்க."

"தண்ணி விட்டா தினமும் இப்படித்தான புடிக்கிறோம்? இன்னைக்கு மட்டும் என்ன விரதமா?" என்றார் மாடு குளிப்பாட்டிய அம்மா. மற்றவர்கள் சிரித்தார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். "தினமும் இப்படித்தானாம்" என்றேன்.

மேலே அந்த அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு, சேலைமேல் கம்பெனி கோட்டோடு நின்றார். அவரே குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று வந்தது. செம்பழுப்பாக ஒரு வாய்த் தண்ணீர் துப்பியது. அவ்வளவுதான்.

"பைப்புல காத்து அடைச்சிருக்கு மேடம். இப்ப வந்துடும்" என்றார் வாட்டர்மேன்.

மேடம் பாறைமேல் உட்கார்ந்து காத்திருந்தார். கீழே குடங்கள் நிரம்புகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. வாட்டர்மேன் என் பக்கத்தில் வந்து கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். "வரலைன்னு எழுதினா முதல்ல என்னைத்தாண்ணா கேப்பாங்க. நானும் டெம்பரரிதான்." அந்தக் குழாயைப் போட்டது அவர் இல்லை. தண்ணீரை மேட்டுக்கு ஏறச் சொன்னதும் அவர் இல்லை.

தண்ணீர் வரவே இல்லை. மேடம் எழுந்து 'இல்லை' என்று அழுத்தினார். இனி போட்டோ. அந்த அம்மா காய்ந்த குழாயின் பக்கத்தில் நின்றார். மேடம் எடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். மறுபடி நிற்கச் சொன்னார். மறுபடியும் எடுத்தார்.

"பய்யா, தண்ணி வரலைன்னு போட்டோ எடுக்கிறோம். ஏன் இப்படிச் சிரிக்கிறாங்க? சிரிக்க வேணாம்னு சொல்லுங்க."

சொன்னேன். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் சிரிப்பு போகவில்லை. கடைசியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டபோது எடுத்ததுதான் சரியாக வந்தது. பார்த்தால் அழுகிற மாதிரியே இருந்தது.

அதற்குள் போர்வை துவைத்த அம்மா இடுப்பில் ஒரு குடத்தோடு மேலே ஏறி வந்தார். திண்டில் வைத்தார். "இந்தா, ஆபீசருக்கு டீ வை. நாளையிலேருந்து பழையபடிதான், ஆமா. வரிசையில நில்லு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மேடம் கேள்விகளை முடித்துக்கொண்டிருக்கும்போது டீ டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டேன், "கீழ்வரிசைக்காரங்களை எப்படிம்மா சம்மதிக்க வச்சீங்க?" நானாக யாரிடமும் எதையும் கேட்பது அபூர்வம்.

"மேல லைன் வந்துட்டா உங்க வாசல்ல நான் வந்து நிக்க மாட்டேன்னு சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டாங்கண்ணா."

திரும்பும்போது மேடம் தூங்கிவிட்டார். என் வீட்டுத் தெருவைத் தாண்டி ஜெயநகர் போய் அவரை இறக்கிவிட்டு, மறுபடி அதே ரோட்டில் வந்தேன். ரிப்போர்ட் போயிருக்கும். யாரிடம் போகும், அதை யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் மேடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது வேறொரு தம்பி வருகிறார். அவருக்குக் கன்னடம்கூட வராது.

அந்த அம்மா அவ்வப்போது போன் செய்வார். "என்னாச்சுண்ணா?" "தெரியலம்மா." அதோடு போனை வைத்துவிடுவோம். போன வாரம் குரல் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணா, ரெண்டு பேரு வந்தாங்க. டேப்பைப் புடிச்சு பாறை மேல வரைக்கும் அளந்துட்டுப் போனாங்க. சுண்ணாம்புல கோடு கூடப் போட்டிருக்காங்க."

"தண்ணி?"

"கீழேருந்துதான் தூக்கறேன். ஆனா அளந்துட்டாங்கண்ணா."

அளந்து, கோடு போட்டு, அந்தக் கோடு மழையில் அழிந்து, மறுபடி அளந்த ஊர்களுக்கு நான் வண்டி ஓட்டியிருக்கிறேன். கோட்டை நம்பி வாசலில் குழி தோண்டி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"நல்லதும்மா" என்றேன். "மழை வந்தா அந்தக் கோட்டு மேல இன்னொரு தடவை சுண்ணாம்பு போட்டு வைங்க."

"போட்டுட்டேன்" என்றார்.