இரண்டு வீட்டுக்கு ஒரு சிம்னி

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவக் குடியிருப்பில் இருந்தோம். ஒரு கர்னல் வீட்டுக்குப் பின்னாலிருந்த அவுட்ஹவுஸ் எங்களுடையது. அம்மா அந்த வீட்டில் சமைக்கும்வரைதான் அது எங்களுடையது. அப்பா அங்கேயே கட்டட ரிப்பேர் பிரிவில் கொத்தனார்.

கர்னல் வீடு இருந்த கட்டடத்தின் கதை அப்பா சொல்லித் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கல்யாணமாகாத அதிகாரிகளுக்காகக் கட்டியதாம். வரிசையாக அறைகள், சேர்ந்து சாப்பிட ஒரு பெரிய ஹால், ஹாலின் கோடிச் சுவரில் குளிர்காய ஒரு கணப்பு. பின்னால் வந்த அதிகாரிகள் குடும்பத்தோடு வந்தார்கள். அந்தக் கோடிச் சுவரையே எல்லையாக வைத்து, வாசல்களை அடைத்து, ஒரு வீட்டை இரண்டு வீடாக்கினார்கள். மறுபக்கத்துக்கும் கணப்பு வேண்டுமே என்று அதே சுவரின் முதுகில் இன்னொன்றைக் குடைந்தார்கள். சிம்னி மட்டும் ஒன்றுதான். இதில் யாருக்கும் நஷ்டமில்லை, காற்று ஒழுங்காக அடிக்கிறவரை.

ஆடி மாதக் காற்று ஒழுங்காக அடிக்காது. பக்கத்து வீட்டில் நெருப்பு மூட்டினால் கர்னல் வீட்டு ஹாலில் புகை இறங்கும். திரைச்சீலையெல்லாம் கற்பூர மரக்கட்டைப் புகை நாறியது. கர்னலின் மனைவியை நாங்கள் பெரிய மேடம் என்போம். மதுரைப் பக்கத்துக்காரர், குளிர் தாங்காதவர். அவர் புகார் கொடுத்தார். ஒரு கணப்பை அடைத்துவிடலாம் என்று உத்தரவாயிற்று. எதை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்து வீட்டில் இருந்தது வெறும் கேப்டன். அவரும் எல்லைக்குப் போய்விட்டார். வடநாட்டுக்காரரான அவருடைய மனைவி, எங்கள் சின்ன மேடம், மட்டும் தனியாக இருந்தார். விஷயத்தைச் சொன்னபோது சரி என்று தலையாட்டினாராம்.

பள்ளி விட்டு வந்ததும் பெரிய மேடம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத எனக்கு அனுமதி உண்டு. நெருப்பு மூட்டாத நேரத்தில் கணப்புக்குள் தலையை நீட்டினால் அந்தப் பக்கத்துக் குரல் கேட்கும். சின்ன மேடம் இந்தியில் பேசுவார். பேசுவார், நிறுத்துவார், சிரிப்பார், "அச்சா" என்பார், மறுபடி பேசுவார். எனக்கு அர்த்தம் புரியாது. கேட்க நன்றாக இருக்கும்.

மறுநாள் அப்பா செங்கல்லோடு வந்து சின்ன மேடம் வீட்டுக் கணப்பை அடைப்பதாக இருந்தது. அன்று சாயங்காலம் பெரிய மேடம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, "அங்க தலைய விட்டு என்ன பண்றே?" என்றார்.

"சின்ன மேடம் சார்கூடப் போன்ல பேசறாங்க மேடம். தெனமும் பேசுவாங்க."

"அவங்க வீட்டுல போன் கிடையாதே. அவர் போற எடத்துல போனே இல்லைன்னு அந்தப் பொண்ணுதான் சொன்னா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இல்லீங்க மேடம், பேசறாங்க. நீங்களே வந்து கேளுங்க."

அவர் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். அவருக்கு இந்தி நன்றாகத் தெரியும். நெடுநேரம் கேட்டார். எழுந்தபோது கன்னத்தில் கரி அப்பியிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. சப்பாத்தி மாவுக் கையோடு எட்டிப் பார்த்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

அவுட்ஹவுஸுக்கு வந்ததும் தொடையில் கிள்ளினாள். "அந்த ஊட்டுப் பேச்ச இந்த ஊட்டுல சொல்லுவியா? நாளைக்கே காலி பண்ணுன்னு சொன்னா எங்க போறது?"

விடிந்ததும் அப்பா செங்கல்லும் கலவையுமாகச் சின்ன மேடம் வாசலுக்குப் போனார். பெரிய மேடம் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"அங்க வேண்டாம். எங்க வீட்டுல அடைச்சிடுங்க."

"ஏனுங்க மேடம், அந்த ஊட்டுக்குத்தானுங்க ஆர்டரு."

"ஆர்டர நான் பாத்துக்கறேன். நீங்க உள்ள வாங்க."

மாலைக்குள் ஹால் கணப்பு இருந்த இடம் சுவராகிவிட்டது. கர்னல் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே குரங்குக் குல்லாவோடு நடமாடினார். எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. ஆனாலும் நான் ஒட்டுக்கேட்டதற்குக் கிடைத்த தண்டனைதான் அந்தச் சுவர் என்று முடிவு செய்துகொண்டேன். ஈரச் சிமென்டில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய மேடம் தினமும் சாயங்காலம் ஸ்வெட்டர் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அந்த வருடக் கடைசியில் கேப்டன் நல்லபடியாகத் திரும்பி வந்தார். சின்ன மேடம் எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். அப்புறம் மாற்றலாகி எங்கோ வடக்கே போய்விட்டார்கள்.

அதற்கு முன்னால், சுவர் வைத்துச் சில நாள் கழித்து, ஒரு மழைச் சாயங்காலம் அம்மா கொடுத்தனுப்பிய பக்கோடாத் தட்டோடு நான் சின்ன மேடம் வீட்டு ஜன்னலண்டை நின்றேன். உள்ளே கணப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. சின்ன மேடம் பேசினார், நிறுத்தினார், சிரித்தார். நிறுத்தியபோதெல்லாம் பெரிய மேடம் ஏதோ பதில் சொன்னார்.

இவர் இப்படித் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டால் சின்ன மேடம் எப்போது போன் பேசுவது? பாவம், அந்தக் கேப்டன் எல்லையில் போன் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருப்பாரே என்று எனக்குப் பெரிய மேடம் மேல் கோபம் கோபமாக வந்தது.