காத்ரஜ் ஏற்றத்தில் வெடித்த கடுகு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பூனா ராஸ்தா பேட்டையில் எச்சில் தட்டு கழுவப் போய்ச் சேர்ந்தேன். அதே தெருவில் சொந்தமாக மெஸ் வைத்தேன். அந்த மெஸ் வாசலில் இங்கிலீஷ்காரன் செய்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பூனாவில் அப்போது எத்தனையோ பணக்காரர்கள் இருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் போய்க் கொத்தமல்லிக்கட்டு வாங்கிவந்தவன் நான் ஒருத்தன்தான்.

எழுபதுகளின் கடைசியில் வாங்கியது. ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர், என் சாம்பாருக்கு மயங்கியவர், எனக்கு விற்றுவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, மடக்குக் கூரை, இரண்டே சீட்டு. மற்ற கார்களுக்கு ஒரு கார்புரேட்டர்தான் இருக்கும், இதற்கு இரண்டு. இந்த விஷயத்தைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சிலருக்கு இரண்டு தடவை.

வாங்கியது என் மனைவிக்காக. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் பூனாவைப் பார்த்ததெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியாகத்தான். ஊரே பார்க்க அவளை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை.

முதல் பயணம் காத்ரஜ் மலைப்பாதை. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. சமதரையில் வண்டி வெண்ணெயாக ஓடியது. ஏற்றம் தொடங்கியதும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். சடசட, படபட. நான் மிதிக்க மிதிக்கச் சத்தமும் கூடியது. பக்கத்தில் முக்கிக்கொண்டு ஏறிய பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, “என்ன அண்ணா, பொரி வறுக்கிறாயா?” என்று மராத்தியில் கேட்டான். பஸ்ஸே சிரித்தது.

“என்னைப் பார்த்துல்லா சிரிக்கான்?” என்றாள் அவள்.

“வண்டியைப் பார்த்துச் சிரிக்கான்.”

“நீங்க ஒத்தையில போகும்போது இந்தச் சத்தம் வருமா?”

வந்ததில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் நான். “இல்லை” என்று சொல்லிவிட்டேன். வீடு வந்து இறங்கியதும் சொன்னாள்: “நான் ஏறுனாத்தான் வண்டி முனகுது. இனிமே ஏற மாட்டேன். ஒத்தையில சுத்துததுக்கு இது எதுக்கு? வித்துருங்க.”

நானா விற்பவன்? நாநா பேட்டையில் பெயர்போன மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறதா என்று கேட்டார். எஞ்சின் மேல்மூடியைத் திறந்து வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். என்னைப் பக்கத்தில் வைத்து, ராணுவக் குடியிருப்புப் பகுதியான கேம்ப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு சத்தமும் இல்லை.

“காடி டீக் ஹை, அண்ணா. பாபி கா கான் திகாவ்” என்றார். வண்டி நன்றாக இருக்கிறதாம். அண்ணியின் காதை டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். இதை அப்படியே வீட்டில் சொன்னேன். அன்று இரவு எனக்கு மட்டும் காலையில் செய்த ரசம்.

என் மெஸ்ஸில் தினமும் சாப்பிடும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் இருந்தான். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். அவனையும் ஏற்றிக்கொண்டு கேம்ப்பைச் சுற்றினேன். அப்போதும் சத்தம் வரவில்லை.

“அக்கா, அது எப்படிப்பட்ட சத்தமுங்க?” என்று பந்தியில் பரிமாறிய என் மனைவியிடம் கேட்டான்.

“சட்டியில கடுகு வெடிக்குமே, அது மாதிரி.”

“லோடு ஜாஸ்தியானா சில எஞ்சினுக்கு அப்படி வருமுங்க அக்கா.”

“யாரை லோடுன்னு சொல்லுதே?”

பையன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அடுத்து வந்த அப்பளம் அவனைத் தாண்டிப் போய்விட்டது.

இதற்குள் பம்பாயிலிருந்து ஒருவன் காரைக் கேட்டு ஆள் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தான். அவளே சரி சொல்லிவிட்டாள். விற்றுவிட்டால் இன்னொரு கார் வாங்கிவிடுவேன், அதற்குத் தெம்பு இருந்தது. ஆனால் தன் உடம்பைப் பார்த்து ஒரு கார் முனகியது என்று நினைத்தவள் அந்தப் புதுக் காரில் மட்டும் எப்படி ஏறுவாள்?

சனிக்கிழமை மதியம் பந்தி முடிந்ததும் அவள்தான் ஒரு வழி சொன்னாள். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் போய் நின்றாள்.

“பாருங்க. இதே எடைக்கு ஒரு மூட்டை கட்டுங்க. அதை வச்சு அந்த மலையில ஏத்துங்க. நான் வெளிய நின்னு கேக்கேன். முனகிச்சுன்னா என் எடைதான் காரணம்னு ஒத்துக்கிடுதேன்.”

எடை எவ்வளவு என்று இங்கே எழுதினால் இந்த வயதில் எனக்குச் சோறு கிடைக்காது. அரிசியை அளந்து கட்டினோம். முன்சீட்டில் மூட்டை, ஓட்டுவதற்கு நான். இஞ்சினியர் பையனின் ஸ்கூட்டரில் பின்னால் அவள். காத்ரஜ் ஏற்றத்தின் முதல் வளைவில் அவர்கள் இருவரும் இறங்கி நின்றார்கள். நான் கீழே போய்த் திருப்பிக்கொண்டு, மூட்டையோடு ஏறினேன். சடசட, படபட.

வளைவில் நிறுத்தியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பையன் மூட்டையைப் பிடித்தான். நானும் ஒரு கை கொடுக்க, சாலையோரம் இறக்கினோம். “கீழ போயி மறுபடி ஒத்தையா ஏறுங்க அண்ணாச்சி” என்றான்.

ஏறினேன். அதே சடசட, அதே படபட. ஒரு மணி கடுகுகூடக் குறையவில்லை.

அவள் மூட்டையின்மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் இங்க உக்காந்திருக்கேன். உங்க வண்டி யாரைப் பார்த்து முனகுது? உங்களையா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனியாகப் போகும்போது நான் ஒருநாளும் மலையேறியதில்லை. மார்க்கெட்டுக்கும் கேம்ப்புக்கும் எங்கே ஏற்றம் இருக்கிறது? மெக்கானிக்கும் சமதரையில்தான் சுற்றினார். சத்தத்துக்குக் காரணம் ஏற்றம், அவள் இல்லை.

பையன் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டதே அன்றுதான். “அக்கா சொன்னது நெசந்தானுங்க. கடுகேதான். பெட்ரோலப் பத்தவைக்கிற பொறி கொஞ்சம் முந்தி விழுது. நம்ம ஊர்ப் பெட்ரோலுக்கு அது ஆகாதுங்க. ஏறும்போது நேரத்துக்கு முன்னாடியே வெடிக்குது.”

“எண்ணெய் காயுததுக்கு முன்னாடியே வெடிச்சா கடுகு எப்படி ருசிக்கும்?” என்றாள் அவள்.

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, எஞ்சின் பக்கவாட்டில் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, மயிரிழை அளவு பின்பக்கம் திருப்பி இறுக்கினான். இன்னொன்றும் சொன்னான். கியரைக் குறைக்காமல் டாப் கியரிலேயே மலையேறுவதும் ஒரு காரணமாம். டாப் கியரில் காத்ரஜ் ஏற எத்தனை பேருக்கு வரும்? அதை நான் அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அடுத்த தடவை கியரைக் குறைத்தேன். சும்மா ஒரு பரீட்சைக்குத்தான்.

கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், தராசும் என்னுடையது, அரிசியும் என்னுடையது, காரும் என்னுடையது. மிச்சத்தை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மூட்டையைத் திரும்பக் காரில் வைக்கக் குனிந்தேன். “அது ஸ்கூட்டர்ல வரட்டும்” என்று சொல்லி, அவள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். பையன் ஒருமுறை மூட்டையைப் பார்த்தான், ஒருமுறை ஸ்கூட்டரைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அனுபவம்.

வளைவு வளைவாக ஏறினோம். அவள் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டே வந்தாள். கடுகு இல்லை, பொரி இல்லை. இரண்டு கார்புரேட்டரும் காற்றை இழுக்கும் உஸ்ஸென்ற சத்தம் மட்டும்தான். இந்த மாதிரி வண்டி உண்டா, இந்த மாதிரி டிரைவர் உண்டா என்று நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மலையுச்சியைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதையின் வாசலில் நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

“சத்தம் நின்னது நல்லதுதான். ஆனா இப்பம் நீங்க பேசுதது முழுசாக் கேக்கு.”

“இறங்கிக்கிடுதியா?”

“ஏன் இறங்கணும்? அந்தப் பக்கமும் போய்ப் பாப்போம்.”

“நாளைக்கு பம்பாய்க்காரன் வருவானே. அவன்கிட்ட என்ன சொல்ல?”

காற்றில் பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “வந்தா வயிறாரச் சோறு போட்டு அனுப்புங்க. வண்டிய எதுக்குக் காட்டணும்?”