வெலிகாமக் குடிக்கு ஒரு பங்கு

ஸுல்பிகா வெலிகாமத்திலிருந்து சாய்ந்தமருதில் வந்திறங்கிய அன்று கடல் மூன்று முழம் பின்வாங்கி வழிவிட்டது. கல்முனைச் சந்தையில் பாரை மீன்கள் தாங்களாகவே தராசில் ஏறிப் படுத்தன. ஊரில் ஒருவரும் இதைக் காணவில்லை என்றால் அது ஊரின் கண்கோளாறு.

ஊர் கண்டது வேறு. இந்தப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். புடவை வியாபாரி மசூரோ தெற்கே போன இடத்தில் கலியாணம் முடித்துப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்துவிட்டான். அது போதாதென்று, 'இருக்கிறது' என்பதற்கு ஊர் 'இரிக்கி' என்றால் அவள் 'ஈக்கி' என்றாள். எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னைகள் முறிந்தபோது, அதுவும் அவள் வந்த கால் என்றார்கள்.

அதையெல்லாம் ஸுல்பிகா வெற்றிலைச் சாறுபோலத் துப்பிவிட்டாள். துப்ப முடியாதது ஒன்றுதான். பள்ளிவாசல் கந்தூரியில் சோற்றுப் பங்கைக் குடி குடியாகத்தான் கொடுப்பார்கள். குடி என்பது உம்மாவழி வருவது; வாப்பாவின் குடி பிள்ளைக்குச் சேராது. உம்மா வெளியூர்க்காரி என்றால் பிள்ளைக்குக் குடியில்லை, குடியில்லாவிட்டால் பங்கில்லை. போன கந்தூரிக்கு மகள் நஸீறா ஓலைப்பெட்டியோடு போய், கடைசிவரை நின்று, வெறும் பெட்டியோடு திரும்பினாள்.

"நமக்குள்ள சோறு இன்னும் வேகல்லயாம் உம்மா," என்றாள்.

உம்மா நோகக்கூடாதென்று பிள்ளை பொய் சொன்னதைத்தான் ஸுல்பிகாவால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் கந்தூரிக்கு முதல்நாள், பங்கு கூப்பிடுகிற மரைக்காயர் மீராசாஹிபு வீட்டில் போய் நின்றாள்.

"மரைக்கார், உங்கட குடியில முதல் பொம்புள எந்த ஊராம்?"

மனிசனுக்கு அதைவிட இனிப்பான கேள்வி இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ இந்த மண்ணில்ல புள்ள. கடலுக்கு அங்கால இருந்து பாய்க்கப்பல்ல வந்தவ. ஒரு பெட்டகமும் தானும்தான்."

"வந்த வருஷம் அவவுக்குக் கந்தூரிப் பங்கு ஆர் குடுத்த?"

மரைக்காயர் ஒரு பாக்கை வாயில் போட்டார். மென்றார். இன்னொரு பாக்கைத் தேடினார்.

"சொல்லுங்களன், நானும் கேப்பன்," என்றாள் உள்ளே இருந்த அவர் பெண்சாதி மைமூனா. "கலியாணம் முடிச்ச நாள்ள இருந்து கப்பல் வந்த கதையத்தான் கேக்கன். அவ சோறு திண்ட கதைய ஒருநாளும் சொல்லல்ல."

மறுநாள் எல்லாக் குடியையும் கூப்பிட்டு முடித்தபின் மரைக்காயர் செருமினார்.

"வெலிகாமக் குடி."

கூட்டம் சிரித்தது. அகப்பையோடு நின்ற கச்சிமுகம்மது கேட்டான்: "அதில எத்தின பேர் மரைக்கார்?"

"இப்ப ரெண்டு. நம்மட குடி ஒண்டிலதான் தொடங்கின. அள்ளு."

ஊர்க்காரன் என்பவன் யார்? முந்தி வந்துவிட்டு, பிந்தி வருகிறவனைப் பார்த்து 'ஆர் நீ' என்று கேட்கிறவன். அவ்வளவுதான் சங்கதி.

நஸீறா பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். ஸுல்பிகா அந்தச் சோற்றை ஒளித்துவைக்கவில்லை. பெரிய சஹன் தட்டில் கொட்டி, தன்னைப் பழித்துக் காட்டிய அக்கம்பக்கத்துப் பெண்களையே கூப்பிட்டாள். முதலில் மதில்மேல் தலைகள் தெரிந்தன. பிறகு வாசலில் செருப்புகள். ஒரே சஹனில் கைபோட்டபின் ஒருத்தியைப் பழிப்பது கஷ்டம். வாய் நிறையச் சோறு இருக்கும்.

இந்த வரலாற்றை எழுதுகிறவன் சந்தேகம் கேட்கவென்று அவள் வீட்டுக்குப் பல தரம் போனான். நேற்றும் போனான்.

"ராத்தா, இன்னொரு சந்தேகம்."

ஸுல்பிகா அடுப்பிலிருந்து பானையை இறக்கிவைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலையில ஒனக்குச் சந்தேகம் வாறல்ல, அந்திக்கும் வாறல்ல. எண்ட பானை இறங்கக்கொள்ள மட்டும் வருது. கையக் கழுவிட்டு வா."