மாலை போட்ட படம்

தைப்பொங்கலன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு வவுனியாவில் கட்சிக் கிளையின் விருந்துக்குப் போனபோது, சுவரில் மாலையிட்ட ஆறு படங்களைத்தான் முதலில் கண்டேன். இராணுவத்தில் இருக்கும் பிள்ளைகளின் படங்கள். விருந்து அவர்களின் குடும்பங்களுக்கு.

மெலிந்த தாயொருவர் இலையை விட்டு எழுந்தார். பேசுமுன் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொள்பவர்.

“உசிரோடை இருக்கிற பிள்ளையின்ரை படத்துக்கு ஆரும் மாலை போடுவினமோ?”

“மரியாதைக்குத்தானே அம்மா போட்டனாங்கள்,” என்றார் கிளைச் செயலாளர்.

“மரியாதையெண்டால் கழுத்திலை போடோணும், தம்பி.”

மகனின் படத்திலிருந்து கழற்றிய மாலையைச் செயலாளரின் கழுத்தில் போட்டார். பந்தி முழுவதும் சிரித்தது. தாய் சிரிக்கவில்லை. மகனின் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது என்று என்னிடம் சொன்னார்.

படத்தை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே, இரண்டு மணி பஸ்ஸில் தன் ஊரான கனகராயன்குளத்துக்குப் போனார்.