தோற்ற அணிக்காரர் அறுத்த மோதிரம்

2006ஆம் ஆண்டு. ஜெர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்ட ஆரவாரம் ஓய்ந்து, கோடையும் முடியப்போகிற நேரம். டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் சிறிய ஊர் ஒன்றில் இது நடந்தது. ஊரெல்லாம் உதைபந்து என்று கிடக்க, என் கணவர் மட்டும் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியவர் என்று தெரிந்ததும் வேலையிடத்து ஜெர்மன் நண்பர்கள் அவரைத் தங்கள் அணிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் எனக்கு அந்த விளையாட்டின் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. இரண்டாவது கோடையில் பார்த்தால், மைதானத்தில் பெரிதாகக் கத்துகிற ஆள் நான்தான்.

அன்று எதிரணியின் ஊரில் ஆட்டம்; வென்றால்தான் எங்கள் அணி மேல் பிரிவில் தொடர்ந்து நிற்கலாம். கடைசிக் கட்டம். இன்னும் ஒரேயொருவரை ஆட்டமிழக்கச் செய்தால் வெற்றி. எதிரணியில் தாடி வைத்த ஒரு பெரிய மனிதர் மட்டையோடு வந்து பந்தை வானத்துக்கு அடித்தார். அதைப் பிடிக்க என் கணவர் ஒரு பக்கமிருந்தும், எங்கள் அணியின் இன்னொரு இளைஞன் மறுபக்கமிருந்தும் ஓடினார்கள். பேஸ்பாலில் பந்தைப் பிடிப்பது இடது கையிலுள்ள தோல் கையுறையால். இவரோ பழைய கிரிக்கெட் பழக்கத்தில் வெறும் வலது கையை நீட்டிப் பிடித்தார். அதே நேரம் இருவரும் மோதி விழுந்தார்கள். பந்தோடு அவருடைய கை மேலே எழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன், தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு பேரும் எழும்பவில்லை என்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

இளைஞனுக்கு முழங்காலில் அடி. வலியில் அவன் போட்ட சத்தத்தில் எங்கள் அணி முழுக்க அவனைச் சூழ்ந்துகொண்டது. அம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. இவர் வலது கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஒண்டுமில்லையப்பா, சும்மா வீக்கம். ஐஸ் வைச்சால் போயிடும்."

நானும் நம்பிவிட்டேன். நம்பாதவர் பந்தை அடித்த அந்தத் தாடிக்காரர். தன் அணி தோற்று, எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, அவர் நேரே எங்களிடம் வந்து கையைக் காட்டச் சொன்னார். இவருடைய மோதிர விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. கலியாணத்துக்குப் பிறகு என் சமையலில் விரலும் சேர்ந்து பருத்ததால் மோதிரம் கழலாது. அதனால் விளையாடப்போகும்போது அதற்கு மேலே பிளாஸ்டர் சுற்றிவிடுவார். இங்கே ஜெர்மனித் தேவாலயத்தில் நடந்த கலியாணம், இந்த ஊர் வழக்கப்படி வலது கையில் போட்ட மோதிரம். தாடிக்காரர் பிளாஸ்டரை உரித்தார். விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

அவர் அந்த ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் இருப்பவராம். வைத்தியசாலைக்குப் போகும் வரைக்கும் விரல் தாங்காது என்றார். எங்களைத் தன் காரில் ஏற்றி, இரண்டு தெரு தள்ளியிருந்த தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார். மோதிரம் அறுக்கிற சின்ன வாள் ஒன்று அங்கே இருந்தது.

கலியாண மோதிரத்தை அறுப்பது நல்லதில்லையே என்று எனக்கு ஒரு பயம். அது என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, அவர் வாளை வைத்த இடத்திலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இது உங்களுக்கும் சொந்தமானது. அறுக்கட்டுமா?" என்று ஜெர்மனில் கேட்டார். அவ்வளவு அவசரத்திலும் என்னை ஒரு ஆளாக மதித்துக் கேட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அறுங்கோ, கெதியா அறுங்கோ," என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டினேன்.

வலியை மறக்கடிக்க அவர் இவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அறுத்தார். "இவ்வளவு நல்ல பந்தை வெறுங்கையால் பிடிக்க உனக்கு என்ன பைத்தியமா?" என்று ஏசினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். மோதிரம் விலகியதும் விரலில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெட்டிய மோதிரத்தைப் பஞ்சில் சுற்றி என் கையில் தந்தார். பிறகு வைத்தியசாலைக்கும் அவரே கொண்டுபோய், புழுதி படிந்த விளையாட்டு உடுப்போடு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

விரல் எலும்பு முறிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இறுகியிருந்தால் விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் வைத்தியர். நான் திரும்பித் தாடிக்காரருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தால், அவர் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, "அடுத்த வருஷம் கையுறையால் பிடிக்கச் சொல்லுங்கள்" என்று போய்விட்டார். பெயரைக் கேட்கக்கூட விடவில்லை. முழங்காலில் அடிபட்ட இளைஞனும் மறு வருடம் ஆட வந்துவிட்டான்.

அன்று யார் வென்றது என்று கேட்டால், எங்கள் அணி என்று இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லுவேன். ஆனால் இவர் அந்த விரலால் சட்டைப் பொத்தான் பூட்டுவதைக் காணும்போதெல்லாம், தோற்ற அணியில் இருந்த அந்த மனிதருக்காக மனதுக்குள் ஒரு தடவை மன்றாடிவிடுகிறேன்.